பூங்காவைப் பற்றிக் கேட்க வாடகைக்காரருக்கு உரிமை இல்லையா?

சென்னையின் தென்பகுதியிலிருந்து வந்த கடிதம் இது. எழுதியவருக்கு 41 வயது. ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறார். கணவர் ஏசி மெக்கானிக். ஒன்பது வயதில் மகள், பதினான்கு வயதில் மகன். 11 வருடமாக ஒரே வீட்டின் மாடியில் வாடகைக்கு இருக்கிறார்கள். அவர் யார் என்று தெரிந்துவிடக் கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவர்கள் இருப்பது 1994-இல் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு. மொத்தம் 36 மனைகள். அன்றைக்கு அந்தப் பகுதி பேரூராட்சி, 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. தெருக்களுக்கு நடுவே 4 கிரவுண்டு இடம் பூங்காவுக்கென்று விடப்பட்டிருக்கிறது. துருப்பிடித்த ஒரு பலகை, இரண்டு வேப்பமரம், ஒரு சறுக்குமரம், மூலையில் இருபது வருடமாக நிற்கும் ஓர் இஸ்திரி வண்டி. பூங்கா என்றால் அவ்வளவுதான். ஆனாலும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்தத் தெருப் பிள்ளைகள் மொத்தமும் அங்கேதான் இருப்பார்களாம்.

ஒன்றரை வருடத்துக்கு முன்பு அங்கே ஒரு தகர ஷெட் போட்டார்கள். படிப்பகம் வரப்போகிறது என்று சொன்னார்கள். இப்போது ஷெட் முகப்பில் ஒரு கட்சியின் பேனர் தொங்குகிறது. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகளும் ஒரு கேரம் போர்டும் இருக்கின்றன. இடத்தைச் சுற்றி இரும்பு கேட் போட்டுப் பூட்டு தொங்குகிறது. இரவில் இரண்டு சரக்கு வண்டிகள் உள்ளே நிற்கின்றன. சறுக்குமரம் ஷெட்டுக்குப் பின்னால் கவிழ்ந்து கிடக்கிறது. பிள்ளைகள் தெருவில் விளையாடுகிறார்கள். போன மாதம் பக்கத்து வீட்டுப் பையன் மேல் பைக் மோதிக் கை முறிந்தது.

அன்று இரவு இவர் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில், "கமிஷன் வாங்கிக்கிட்டு பார்க்கை வித்துட்டாங்க, கேக்க நாதியில்லை" என்று எழுதிவிட்டார். மறுநாள் கவுன்சிலரின் வீட்டுக்காரரிடமிருந்து, அதாவது அவர் கணவரிடமிருந்து, போன் வந்தது. இவருக்கு அல்ல, வீட்டு உரிமையாளருக்கு. "உங்க மாடி பால்கனி பிளான்ல இருக்கா சார்?" என்று மட்டும் கேட்டாராம். உரிமையாளர் பயந்துபோய், "அடுத்த மாசம் காலி பண்ணிடுங்கம்மா" என்றார். நலச் சங்கச் செயலாளர், "நீங்க ஓனர் இல்லையே மேடம், உங்களுக்கு எதுக்கு இது?" என்றார். ஒருவர் நேராக உயர் நீதிமன்றம் போகச் சொல்கிறார். இன்னொருவர் பதிவை அழித்துவிட்டு மன்னிப்புக் கேட்கச் சொல்கிறார். கணவர் வேறு ஏரியாவுக்கே போய்விடலாம் என்கிறார். மதுரையில் இருக்கும் தம்பி, அடுத்த தேர்தலில் நீயே நில் என்கிறார். கடிதத்தின் கடைசி வரி: "வாடகைக்கு இருக்கிறவள் ஊர் விஷயத்தில் தலையிடக் கூடாதா மேடம்?"

சகோதரி, அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன்.

உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. செயலாளர் சொன்னது அவருடைய சங்கத்தின் துணைவிதிக்கு வேண்டுமானால் பொருந்தும். வீட்டு உரிமையாளர்கள் சேர்ந்து சங்கம் நடத்தலாம், வாடகைக்காரர்களைச் சேர்க்கமாட்டோம் என்று விதி எழுதிக்கொள்ளலாம். அது அவர்களுடைய விஷயம். ஆனால் வார்டு என்பது சங்கம் அல்ல. 1993 ஜூன் 1-இல் அமலுக்கு வந்த 74-ஆவது அரசியல் சாசனத் திருத்தம் நகர உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கலாம் என்று 18 பணிகளைப் பட்டியல் போட்டிருக்கிறது. அதில் பூங்கா, தோட்டம், விளையாட்டு மைதானம் என்று தனியாகவே ஒரு வரி உண்டு. அந்த உள்ளாட்சியைத் தேர்ந்தெடுப்பது வாக்காளர்கள். வாக்காளர் பட்டியலில் பட்டாதாரர், வாடகைக்காரர் என்று இரண்டு பத்தி கிடையாது.

அதனால் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இந்த முகவரியில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான். 2025 இறுதியில் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு பார்த்தீர்களா? பார்க்கவில்லை என்றால் இன்றே பாருங்கள். பெயரே இல்லையென்றால் படிவம் 6, பழைய முகவரியில் இருந்தால் படிவம் 8. இனி நான் சொல்லப்போவதில் பாதி அந்த ஒரு வரியை நம்பித்தான் நிற்கிறது.

காகிதம் கையில் வரட்டும்

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஒன்றரை வருடத்தில் யாரும் எழுத்தில் ஒரு மனுகூடக் கொடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் கோபப்பட்டிருக்கிறீர்கள், செயலாளரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லியிருக்கிறீர்கள், வார்டு ஏ.இ. (உதவிப் பொறியாளர்) தெருவுக்கு வந்தபோது ஒருமுறை கேட்டிருக்கிறீர்கள். அலுவலகக் கோப்பில் இந்தப் பூங்காவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கோப்பில் இல்லாத பிரச்சினை அரசாங்கத்துக்கு இல்லாத பிரச்சினைதான்.

அதே சமயம், அது பூங்கா இடம் என்பதற்கும் உங்களிடம் சான்று எதுவும் இல்லை. எல்லோருக்கும் தெரியும் என்கிறீர்கள். எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தையும் நிரூபிக்கத்தான் வேண்டியிருக்கும்.

சிஎம்டிஏ விதிப்படி, 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு போடும்போது சாலைகள் போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்று சொல்வது இதைத்தான். உங்கள் கணக்கைப் பாருங்கள்: 36 மனையும் ஒவ்வொரு கிரவுண்டு என்று வைத்தால், பூங்காவின் 4 கிரவுண்டையும் சேர்த்து 40. அதில் பத்து சதவீதம் சரியாக 4 கிரவுண்டு. அங்கீகாரம் வாங்குவதற்காக ஒதுக்கிய இடம்தான் இது என்று எனக்குப் படுகிறது. ஆனால் எனக்குப் படுவது போதாது. அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தின் நகல் வேண்டும். வீட்டு உரிமையாளர்கள் யாரிடமாவது பத்திரத்தோடு சேர்த்துப் பழைய புளூபிரிண்ட் இருக்கும். அதன் ஓரத்தில் அங்கீகார எண் இருக்கும். அந்த எண்ணை வைத்து எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகையில் உள்ள சிஎம்டிஏ அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கேட்கலாம்.

அடுத்தது தானப் பத்திரம். மனை போட்டவர் அந்த இடத்தை உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். மாநகராட்சி பெயரில் தேடுவார்கள், கிடைக்காது. 1994-இல் உங்கள் ஊர் பேரூராட்சி. பத்திரம் எழுதியிருந்தால் பேரூராட்சியின் செயல் அலுவலர் பெயரில் இருக்கும். 2011-இல் 9 நகராட்சி, 8 பேரூராட்சி, 25 ஊராட்சி என்று 42 உள்ளாட்சிகளைச் சென்னையோடு சேர்த்தார்கள். அத்தனை அலுவலகங்களின் பீரோக்களும் இடம் மாறின. எந்தக் கோப்பு எங்கே போனது என்று தேடுவது இன்றைக்கும் பெரிய வேலை. அதனால் சர்வே எண்ணை வைத்துப் பதிவுத்துறை இணையதளத்தில் 1993 முதல் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். நகல் பத்திரம் எடுக்க அந்த ஆவண எண் போதும்.

தானப் பத்திரமே இல்லை என்று தெரிந்தால்? "அப்படியென்றால் இடம் புரொமோட்டருக்குத்தான் சொந்தம்" என்று அந்த நிமிடமே யாராவது சொல்வார்கள். அப்படி இல்லை. பூங்கா என்று காட்டி அங்கீகாரம் வாங்கியவர், பத்திரம் எழுதித் தரவில்லை என்பதற்காக அந்த இடத்தைப் பிறகு தன் விருப்பப்படி விற்க முடியாது, பொதுப் பயனுக்காக அறங்காவலர் போல வைத்திருக்கக் கடமைப்பட்டவர் அவர் என்பதே சேத் ராம் வசிஷ்ட் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம். அதற்கு முன்பே, 1991-இல், பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை எதிர்த்து அக்கம்பக்கத்தவர்கள் போட்ட வழக்கில், அந்த ஒதுக்கீட்டை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அங்கே இருந்தது மருத்துவமனைத் திட்டம், இங்கே இருப்பது கேரம் போர்டும் சரக்கு வண்டியும்.

மற்ற கேள்விகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். இந்த சர்வே எண்ணில் உள்ள நிலம் மாநகராட்சியின் பூங்காப் பட்டியலில் இருக்கிறதா? அதில் ஷெட் போட யாருக்காவது, எந்தத் தேதியில், எந்த உத்தரவின்படி அனுமதி தரப்பட்டது? ஷெட்டுக்கு மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது? கடைசிக் கேள்வி மின்வாரியத்துக்கு, தனி மனுவாகப் போக வேண்டும். ஒரு மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. "ஏன் அனுமதித்தீர்கள், இது நியாயமா" என்றெல்லாம் கேட்காதீர்கள். காகிதத்தில் இருப்பதை மட்டும் கேளுங்கள், காகிதம் வரும்.

இந்த மனுவை நீங்கள் போட வேண்டும் என்றே இல்லை. இந்தியக் குடிமகன் யாரும் கேட்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. தேர்தலில் நிற்கச் சொன்ன உங்கள் மதுரைத் தம்பி முதலில் இந்த வேலையைச் செய்யட்டும். ஆன்லைனிலேயே போடலாம்.

அந்த வாட்ஸ்அப் பதிவு

இது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம், ஆனாலும் சொல்கிறேன். நீங்கள் எழுதிய ஒரு வரியில் இரண்டு குற்றச்சாட்டுகள் இருக்கின்றன: கமிஷன் வாங்கினார்கள், விற்றுவிட்டார்கள். இரண்டுக்கும் உங்களிடம் ஆதாரம் இல்லை. அவதூறு இன்றும் குற்றமாகவே இருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவு அதற்கு இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது. யார் பெயரையும் நீங்கள் சொல்லவில்லை என்பதால் வழக்கு அவ்வளவு சுலபமாக நிற்காது. இருந்தாலும் வக்கீல் நோட்டீஸ் ஒன்று வந்தால் உங்கள் வீட்டில் ஒரு மாதம் யாரும் தூங்கமாட்டீர்கள்.

பொதுப் பதவியில் இருப்பவர் பொது வேலையில் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி நல்லெண்ணத்தோடு கருத்துச் சொல்வது அவதூறு ஆகாது என்று அதே பிரிவே விலக்குத் தருகிறது. "பூங்கா இடத்தில் ஷெட் இருக்கிறது, அனுமதி கொடுத்தது யார், கவுன்சிலர் பதில் சொல்ல வேண்டும்" என்று நீங்கள் தாராளமாக எழுதலாம். தெருமுனையில் நின்றும் சொல்லலாம். பணம் வாங்கினார் என்றுதான் கையில் காகிதம் இல்லாமல் சொல்லக் கூடாது.

பதிவை அழிப்பதால் பயனில்லை, ஸ்கிரீன்ஷாட் எடுத்தவர்கள் எடுத்திருப்பார்கள். மன்னிப்பும் கேட்க வேண்டாம். அதே குழுவில் இப்படி எழுதுங்கள்: "அன்று குழந்தைக்கு அடிபட்ட வருத்தத்தில் பணம் பற்றி எழுதியது என் ஊகம், அதைத் திரும்பப் பெறுகிறேன். பூங்கா இடத்தில் ஷெட் எப்படி வந்தது என்ற என் கேள்வி அப்படியே இருக்கிறது." உண்மையை எழுதிவிட்டால் அதற்கு மேல் பயப்பட ஒன்றுமில்லை. குழு அட்மினாக இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும் தைரியம் சொல்லுங்கள். மற்றவர்கள் எழுதியதற்காக, அட்மின் என்ற ஒரே காரணத்தால் அவரைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021-இல் சொல்லியிருக்கிறது.

போனில் வந்த அந்தக் கேள்வியைப் பற்றி: இப்போதே போலீஸுக்குப் போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பேசியது உங்களிடம் அல்ல, சொன்ன வார்த்தையிலும் மிரட்டல் வெளிப்படையாக இல்லை. போனைப் பெற்ற உரிமையாளரும் சாட்சி சொல்ல வரமாட்டார். ஆனால் தேதி, நேரம், உரிமையாளர் உங்களிடம் சொன்ன வார்த்தைகள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் இன்றே எழுதி வையுங்கள். இனி உங்களுக்கோ உங்கள் கணவருக்கோ நேரடியாக ஏதாவது வந்தால், அன்றே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கிவிடுங்கள்.

கவுன்சிலருக்கே எழுதுங்கள்

உங்கள் கடிதம் மூன்று பக்கம். கவுன்சிலரின் வீட்டுக்காரர் அதில் பதினோரு இடத்தில் வருகிறார். கவுன்சிலர் ஒரு இடத்தில்கூட வரவில்லை. நீங்கள் ஓட்டுப் போட்டது அந்தப் பெண்ணுக்கு. 2022 மார்ச் 2-ஆம் தேதி மாமன்றத்தில் உறுதிமொழி எடுத்துக்கொண்டதும் அவர்தான். சட்டத்தின் கண்ணில் அந்த வீட்டுக்காரர் உங்களையும் என்னையும் போல இன்னொரு வாக்காளர். அவர் சொல்லி ஏ.இ. ஒரு வேலையை நிறுத்தினால் அது ஏ.இ. செய்த தவறு.

உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று தமிழ்நாடு 2016-இல் சட்டம் செய்தது. அதற்காக எத்தனை வருடம் பேசினோம். அப்படி வந்த ஒருவரை நாமும் விட்டுவிட்டு வீட்டுக்காரரிடம் பேசினால், அந்த நாற்காலியை அவருக்கு எடுத்துக் கொடுப்பது நாமும்தான். இதை எழுதும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

2023-இல் இதே போன்ற ஒரு விஷயத்துக்காகச் சில பெண்களோடு ஒரு கவுன்சிலர் வீட்டுக்குப் போனேன். வாசலில் வீட்டுக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்து மனுக்களை வாங்கிக்கொண்டிருந்தார். "மேடத்துகிட்டதான் கொடுக்கணும்" என்று எங்களோடு வந்த பூக்காரம்மா உறுதியாக நின்றுவிட்டார். கால் மணி நேரம் கழித்து கவுன்சிலர் வெளியே வந்தார், கையில் இட்லி மாவு ஈரம். முந்தானையில் துடைத்துக்கொண்டு மனுவை வாங்கி, நின்றபடியே முழுதும் படித்தார். "இதுவரைக்கும் என் பேருக்கு யாரும் லெட்டர் எழுதினதில்லை" என்றார். ஓரத்தில் "உரிய நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். அந்த ஆக்கிரமிப்பு அகல அதற்குப் பிறகும் எட்டு மாதம் ஆனது. ஆனால் அந்தக் கையெழுத்துக்குப் பிறகு மண்டல அலுவலகத்தில் எங்களை யாரும் திருப்பி அனுப்பவில்லை.

உங்கள் கவுன்சிலரும் அப்படி இருப்பார் என்று நான் உறுதி தர முடியாது. ஷெட்டே அவர் கட்சியுடையதாக இருக்கும்போது அவருக்கு இருக்கும் நெருக்கடியும் தெரிகிறது. ஆனாலும் அவர் பெயருக்கு, அவர் பதவியைக் குறிப்பிட்டு, பதிவுத் தபாலில் ஒரு மனு போக வேண்டும். நகல்கள் மண்டல அலுவலருக்கும், மண்டலக் குழுத் தலைவருக்கும், ரிப்பன் மாளிகையில் ஆணையருக்கும். அஞ்சலக ரசீதுகளை ஒரு தாளில் ஒட்டி வையுங்கள். மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் பதிந்து, புகார் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கவுன்சிலரே இல்லாமல் இருந்த வருடங்கள்தான் நிம்மதி என்று உங்கள் கணவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 2016 அக்டோபரில் முடிந்த பதவிக்காலத்துக்குப் பிறகு 2022 மார்ச் வரை, ஐந்து வருடத்துக்கு மேல் சென்னைக்குக் கவுன்சிலர்களே இல்லை. அதிகாரிகள்தான் நடத்தினார்கள். அப்போது இந்த ஷெட் வந்திருந்தால் நீங்கள் கேள்வி கேட்கவும், அடுத்த முறை ஓட்டு மறுக்கவும் ஒரு ஆள்கூட இருந்திருக்கமாட்டார்.

மனுவில் எழுதும்போது ஒன்றில் கவனம் வேண்டும். "எல்லா ஆக்கிரமிப்புகளையும் அகற்ற வேண்டும்" என்று எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதினால் முதலில் லாரியில் ஏறப்போவது அந்த இஸ்திரி வண்டிதான். ஷெட் அங்கேயே நிற்கும், நடவடிக்கை எடுத்தாயிற்று என்று பதிலும் வரும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஷெட், இரும்பு கேட், வண்டிகள் என்று தனித்தனியாகச் சொல்லி, ஷெட்டின் நீள அகலத்தை எழுதி, தேதியோடு புகைப்படம் வையுங்கள். இஸ்திரிக்காரரிடம் முன்கூட்டியே பேசுங்கள். தெரு வியாபாரிகளுக்கென்று 2014-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. விற்பனைக் குழுவில் பதிந்து அடையாள அட்டை வாங்க அவருக்கு உதவுங்கள். இருபது வருடமாகப் பூங்காவைத் தினமும் பார்த்தவர் அவர். ஷெட் எந்த நாளில் வந்தது என்று உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

பகுதி சபை

உங்கள் கடிதத்தில் இந்தச் சொல்லே இல்லை, அதனால் உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். தெரியாதது உங்கள் தவறல்ல. கிராமத்தில் கிராம சபை இருப்பது போல நகரத்தில் பகுதி சபை. தமிழ்நாடு 2022-இல் இதற்கு விதிகள் கொண்டுவந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தில் முதல் கூட்டங்கள் நடந்தன. ஒவ்வொரு வார்டும் பல பகுதிகளாகப் பிரிந்திருக்கும். அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் இருக்கும் எல்லோரும் சபையின் உறுப்பினர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். இந்தப் பகுதிகளின் பிரதிநிதிகள் இடம்பெறும் வார்டு குழுவுக்குக் கவுன்சிலர் தலைவர்.

உங்கள் தெரு எந்தப் பகுதியில் வருகிறது, பகுதியின் பிரதிநிதி யார், கடைசிக் கூட்டம் எப்போது எங்கே நடந்தது, வந்தவர்களின் கையெழுத்துப் பட்டியல், தீர்மானங்களின் நகல். இவற்றையும் தம்பியின் மனுவில் சேர்த்துக் கேளுங்கள். கூட்டம் நடந்ததாகக் காகிதம் வந்து உங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது என்றால் அது ஒரு விஷயம். நடக்கவே இல்லை என்று பதில் வந்தால், கூட்டச் சொல்லிக் கேட்கும் மனுவை இருபது வாக்காளர்கள் கையெழுத்தோடு கொடுங்கள். வீட்டு உரிமையாளர்கள் நான்கு பேராவது அதில் இருக்கட்டும். கை முறிந்த பையனின் அம்மா முதல் கையெழுத்துப் போடட்டும். உங்கள் பெயர் நடுவில் எங்காவது இருந்தால் போதும்.

பயந்து ஒதுங்கச் சொல்வதாக நினைக்க வேண்டாம். ஒருவரைப் போனில் மிரட்டலாம், இருபது வீட்டு பால்கனியை யாராலும் அளக்க முடியாது.

வீட்டு உரிமையாளர்

உங்கள் நிலைமையில் எனக்கு உண்மையாகக் கவலை தருவது இதுதான். 11 மாத ஒப்பந்தம் மூன்று வருடத்துக்கு முன்பே முடிந்து, அதற்குப் பிறகு எழுதவே இல்லை என்கிறீர்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தமும் அதன் பதிவும் வேண்டும் என்கிறது. ஒப்பந்தம் இல்லாதது உங்கள் பலவீனம். உரிமையாளர் நீதிமன்றம் போனால் காலி செய்யச் சொல்லும் உத்தரவு அவருக்குக் கிடைக்க வாய்ப்பு அதிகம். அதே சமயம், நீதிமன்றம் போகாமல் பூட்டை மாற்றவோ தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தவோ அவரால் முடியாது. அப்படிச் செய்தால் வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். "அடுத்த மாசம்" என்று வாயால் சொன்னதற்காக நீங்கள் பெட்டி கட்ட வேண்டியதில்லை.

ஆனால் அவரிடம் சட்டம் பேசாதீர்கள். 11 வருடத்தில் ஒருமுறைகூட முகம் சுளித்ததில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர் பயம் நிஜமானது. பால்கனி விதியை மீறியிருந்தால் நோட்டீஸ் வரத்தான் செய்யும், அதை நீங்கள் தடுக்க முடியாது. மனு இருபது பேர் பெயரில் போகிறது, உங்கள் வீட்டு எண் தனியாக எங்கும் வராது, தகவல் மனு மதுரையிலிருந்து போகிறது என்று உட்கார்ந்து விளக்குங்கள். பிள்ளைகளின் தேர்வு முடியும்வரை அவகாசம் கேளுங்கள். முடிந்தால் புது ஒப்பந்தம் எழுதுங்கள். அதற்கும் அவர் சம்மதிக்கவில்லை என்றால், இதே வார்டுக்குள் வேறு வீடு பாருங்கள், அட்வான்ஸ் முழுவதையும் கணக்குப் பார்த்து வாங்கிக்கொண்டு. வீடு மாறினால் இந்த விஷயத்தில் தோற்றதாக ஆகாது. ஓட்டு அதே வார்டில்தான் இருக்கும்.

உயர் நீதிமன்றம் இப்போது வேண்டாம்

இன்றே ரிட் போட்டால் நீதிபதி கேட்கப்போகும் முதல் கேள்வி, "மனு கொடுத்தீர்களா?" என்பதாக இருக்கும். பெரும்பாலும் மனுவைக் குறிப்பிட்ட வாரங்களுக்குள் பரிசீலித்து முடிவெடுங்கள் என்று அதிகாரிகளுக்கு உத்தரவு வரும். அதைக் காகிதங்கள் எல்லாம் கைக்கு வந்த பிறகு வாங்கினால் அதற்கு மதிப்பே வேறு. வரைபடம், மனு, ரசீது, தகவல் பதில் நான்கும் சேர்ந்து மூன்று நான்கு மாதத்தில் எதுவும் நகரவில்லை என்றால் போகலாம். பெண் என்ற முறையில், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே உங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேளுங்கள். ஊழல் பற்றி உறுதியான காகிதம் கிடைத்தால் உள்ளாட்சி முறைமன்ற நடுவத்திலும் முறையிடலாம்.

தேர்தலைப் பற்றிச் சுருக்கமாக. 21 வயது நிறைந்து வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் யாரும் நிற்கலாம், சொந்த வீடு தேவையில்லை. கடந்த முறை சென்னை வார்டுக்குப் பொதுப் பிரிவில் டெபாசிட் 4,000 ரூபாய். 2022 பிப்ரவரியில் சென்னையில் பதிவான வாக்கு 43.59 சதவீதம்தான். பாதிக்கு மேல் ஆட்கள் வரவே இல்லை. இந்த மாமன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச் தொடக்கத்தில் முடிகிறது. தம்பி சொன்னதை நான் சிரித்து ஒதுக்கமாட்டேன். ஆனால் இந்தக் கோபத்தில் முடிவெடுக்க வேண்டாம். இரண்டு பகுதி சபைக் கூட்டங்களில் எழுந்து நின்று பேசிப் பாருங்கள். பூங்காவைத் தவிர வேறு என்ன கேட்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேளுங்கள். தண்ணீர் லாரி, மழைநீர் வடிகால், தெருவிளக்கு என்று நூறு வரும். அவற்றுக்கும் இதே அளவு அலைய மனம் வருகிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இந்த வாரம் மூன்று வேலை: வாக்காளர் பட்டியல், பழைய புளூபிரிண்ட், உரிமையாளரோடு பேச்சு. புளூபிரிண்ட் கிடைத்ததும் அங்கீகார எண்ணையும் சர்வே எண்ணையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். மனு வாசகத்தை நான் பார்த்துத் தருகிறேன்.